பால்மகனின் சிறுநீரகம்

ஜூலை 9. காலையில், இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கொண்டுசென்றிருந்த வைத்தியசாலையில் என் மனைவி காலமானார். எழுதப்பட்ட காரணம்: சிறுநீரகச் செயலிழப்பு. அதன் கீழ், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தின் நிராகரிப்பு.

ஜூலை 9. அஸர் தொழுகைக்குப் பின் கற்பிட்டி மையவாடியில் நல்லடக்கம். கபுறுக் குழியினுள் இறங்கியோர்: நான், மனைவியின் தம்பி. மூன்றாமவராக அழைக்கப்பட்டவர் இறங்கவில்லை.

ஓகஸ்ட் 17. நாற்பதாம் நாள் கத்தம். மேற்படி நபர் வரவில்லை.

ஓகஸ்ட் 26. மேற்படி நபர் சிறுநீரகம் தானம் செய்தவர் என்ற வகையில் அவருக்குரிய வருடாந்தப் பரிசோதனை நாள். அவர் செல்லவில்லை என அவருடைய மனைவி தொலைபேசியில் அறிவித்தார்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான். இனி எழுதப்போவதில் எது காரணம், எது விளைவு என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தவன் நான். காரணத்தையும் விளைவையும் பிரிக்கத் தெரியாத விடைத்தாளுக்கு நான் புள்ளி போட்டதில்லை.

மேற்படி நபர் என் மனைவியின் பால்மகன்.

எங்கள் முதற்பிள்ளை ஆண். பிறந்து சில நாட்களே இருந்தான். அதே கிழமையில் பக்கத்து வளவுப் பெண்ணுக்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்டு மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் பிள்ளையை அடக்கிவிட்டு வந்த மறுநாள், அவளுடைய கணவர் தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.  அவர் கேட்குமுன் என் மனைவி வேலிக்கு மேலால் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுக்கு வந்திருந்த பால் முழுவதும் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் போயிற்று. தாய் சுகமாகி வீடு வந்த பின்னும் அது நிற்கவில்லை.

பால்குடியால் வரும் உறவு எங்கள் மார்க்கத்தில் வெறும் பேச்சு உறவு அல்ல. பின்னர் பிறந்த எங்கள் மகளுக்கும் அவனுக்கும் திருமணம் கூடாது, அவர்கள் உடன்பிறந்தார். அவன் வந்தால் என் மனைவி முக்காட்டைச் சரிசெய்வதில்லை. சொத்தில் மட்டும் அவனுக்குப் பங்கில்லை. அவளை உம்மா என்றான். என்னை, ஊரார் எல்லாரையும் போல, சேர் என்றான். விடுமுறையில் நான் வீடு வரும்போது அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது மகளின் இரத்த வகை பொருந்தவில்லை. எனக்கு நீரிழிவு. அவனுடைய வகை பொருந்தியது. அப்போது அவன் பாலாவி உப்பளத்தில் மூடை தூக்கிக்கொண்டிருந்தான். செய்தியைச் சொல்லத் தயங்கியபடி நான் கதிரையில் அமர்ந்திருக்க, அவன் சிரித்தான்.

"கணக்குப் பார்த்துட்டு, 'உண்ட மூளைய இனாமாக் குடுத்தாலும் எவனும் எடுக்கமாட்டான்' எண்டு செல்லுவீங்களே சேர். கிட்னிய எண்டாலும் கேக்க வந்தீங்களே."

"இது பகிடிக் கதையில்ல மகன்."

"பகிடியாத்தான் இருக்குது. பக்கத்து வளவுப் பால் இப்பத்தான் கிட்னியாத் திரும்பிப் போகுது."

வைத்தியசாலையில் எங்களை விசாரித்த குழுவினர் உறவு என்ன என்று கேட்டார்கள். அவன் தயங்காமல் மகன் என்றான். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் வேறாக இருந்தது. சிறுநீரகத்தை விலைக்கு வாங்குகிறோமோ என்ற சந்தேகம் அவர்களுடைய முகங்களில் தெரிந்தது. நான் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். குழுவிலிருந்த வயதான சிங்கள வைத்தியர் என்னை இடைமறித்து, "கிரி புதா" என்றார். பால்மகன் என்பதற்கு அவர்களுடைய மொழியிலும் சொல் இருந்தது. அதன்பின் அவர்கள் உறவைப் பற்றிக் கேட்கவில்லை. இழையப் பொருத்தத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள். அது பாதிக்கும் குறைவு. ஆயினும் மருந்துகளின் துணையோடு ஏற்கத்தக்கது என்றார்கள்.

என் மனைவிக்கு அந்த ஐயம் எதுவும் இருக்கவில்லை.

"எண்ட பாலக் குடிச்சவன். எண்ட உடம்புக்கு அவனத் தெரியாதா?"

"இழையப் பொருத்தத்துக்குப் பால் கணக்கில்ல," என்றேன்.

"சோதினைப் பேப்பருக்கு எழுதுற விடைய எனக்கிட்டச் செல்லாதீங்க."

அவளுடைய தங்கைமாரும், அவனைப் பெற்றவளும், பள்ளிவாசல் லெப்பையும்கூட அப்படியே எண்ணினார்கள். பால் உறவை உறவாக்கிய இறைவன் இழையத்தையும் அவ்வாறே ஆக்கியிருப்பான் என்பது அவர்களுடைய தீர்மானம். இந்தத் தவற்றை வேறு ஊரார் செய்யமாட்டார்கள். அவர்களிடம் சொல் இருந்தாலும் அதற்கான உறவுச் சட்டம் இல்லை. பொருத்திய சிறுநீரகம் உடனே வேலைசெய்யத் தொடங்கியதும் அது தவறு என்று சொல்ல எனக்கும் வாய்ப்பில்லாமற் போயிற்று. அவள் மறுபடியும் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தாள். அவன் மூடை தூக்குவதை விட்டு லொறி ஓட்டப் பழகினான். பெருநாளைக்கு வரும்போதெல்லாம் அவளுடைய வலது அடிவயிற்றைக் காட்டி, "எண்ட ஆள் எப்பிடி, ஒழுங்கா வேல செய்றாரா?" என்று கேட்பான். "உன்னய விட ஒழுங்கு," என்பாள்.

சில ஆண்டுகளுக்குப் பின் குருதிப் பரிசோதனையில் அளவுகள் ஏறத் தொடங்கின. ஊசியால் எடுத்த சிறு துண்டைப் பார்த்து நிராகரிப்பு என்றார்கள். மருந்தைக் கூட்டினார்கள். பிறகு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம். பிறகு ஜூலை 9.

மையவாடியில் நடந்தது சில நிமிட விடயம். ஒரு பெண்ணின் உடலைக் கபுறில் வைக்க இறங்குபவர்கள் கணவரும், அவள் மணமுடிக்கத் தடுக்கப்பட்ட நெருங்கிய ஆண்களுமே. அந்த ஆண்களை மஹ்ரமி என்போம். நானும் என் மைத்துனரும் உள்ளே நின்றோம். மைத்துனர் மேலே பார்த்துக் கையை நீட்டினார்.

"வா மகன். எறங்கு. ஜனாஸாவ வெச்சிட்டு நிக்க ஏலாது."

"நான் எறங்கல்ல மாமா."

"என்னடா கதை இது? நீ மஹ்ரமி தானே!"

"எண்ட கிட்னியையே அவட உடம்பு வேணாண்டு தள்ளிட்டு. இனி நான் எந்த முகத்தோட எறங்குற?"

மேலே நின்றவர்களில் யாரோ, "வாதாடுற எடமா இது?" என்றார். அவன் பின்னால் நகர்ந்து, கூட்டத்தின் கடைசியில் போய் நின்றான். நானும் மைத்துனரும் இரண்டு பேராக அவளை வைத்தோம். மூன்றாமவர் பிடிக்க வேண்டிய நடுப்பகுதியை மைத்துனர் ஒரு கையால் தாங்கிக்கொண்டார். 

அன்றிலிருந்து நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளை யோசிக்க வேண்டிய நேரத்தில் ஒரு சிறுநீரகத்தை யோசிக்கிறேன். இது சரியில்லை என்று தெரியும். ஆனால் அவளை எந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவது என்று தெரியவில்லை. இதற்காவது பாடக்குறிப்புகள் இருந்தன.

இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான் ஒரு விரிவுரையில் எலிகளைப் பற்றிச் சொல்வதுண்டு. பல தலைமுறைகளாக உடன்பிறந்தவற்றையே இணைத்து வளர்த்த ஒரே வம்ச வழி எலிகள் அவை. ஒன்றின் தோலை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் உடல் ஏற்றுக்கொள்ளும். ஆணினது ஆணில் ஒட்டும். பெண்ணினது பெண்ணிலும் ஆணிலும் ஒட்டும். ஆணின் தோலைப் பெண்ணில் ஒட்டினால் மட்டும் சில வாரங்களில் அது கருகி உதிர்ந்துவிடும். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கையில் மிஞ்சுவது ஒரே ஒரு வேறுபாடு: Y நிறமூர்த்தம். அதிலுள்ள சில பரம்பரையலகுகள் ஆக்கும் புரதங்களின் துண்டுகள் ஆணின் ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் தூக்கிக் காட்டப்படுகின்றன. பெண்ணின் குருதியிலுள்ள வெண்குழியங்கள் அவற்றை அந்நியம் என்று படிக்கின்றன.

வியப்பு என்னவென்றால், அந்தப் பரம்பரையலகுகள் ஆணை ஆணாக்குபவை அல்ல. கலத்தின் அன்றாட வீட்டுவேலைகளைச் செய்பவை அவை. பெண்ணின் X நிறமூர்த்தத்திலும் அவற்றுக்கு ஓர் இணை உண்டு. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு மிகச் சிறிது. அந்த ஆண் அடையாளமே விதையை, அதாவது விந்தகத்தை, உருவாக்குகிறது என்று ஒரு காலத்தில் நானும் கற்பித்தேன். பின்னர் அது பிழையென்று நிறுவப்பட்டது. அந்தப் பந்தியை வெட்டிவிட்டுப் புதிய குறிப்பைக் கொடுத்தேன். பழைய குறிப்பைப் படித்துத் தேறியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

ஆகவே, அவன் தள்ளப்பட்டது பால்மகன் என்பதாலா, ஆண் என்பதாலா? இரண்டும் சேர்ந்தா? முதன்மைப் பொருத்தம் குறைவாக இருந்ததே பெரிய காரணமாக இருக்கவேண்டும். ஆண் அடையாளம் சிறு காரணமே. மகன்மாரின் சிறுநீரகத்தோடு நெடுங்காலம் வாழும் தாய்மார் எத்தனையோ பேர். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் என் எண்ணம் அந்தச் சிறு காரணத்தையே சுற்றிவந்தது.

அவனுடைய மனைவி தொலைபேசியில் சொன்னதுதான் என்னை எழுப்பியது. மூன்று பிள்ளைகளின் தாய் அவள். எளிதில் கலங்குபவள் அல்ல.

"ரெண்டுல ஒண்ட மட்டும் வெச்சிருக்கிற மனுசன் சேர். கிளினிக்குக்குப் போங்க எண்டா, 'வேணாண்டு திருப்பி அனுப்பின சாமான்ட சோடிய என்னத்துக்குப் பார்க்கிற' எண்டு கேக்கிறார். பிரஷர் குளிசையையும் நிப்பாட்டிட்டார். நீங்க சென்னாத்தான் கேப்பார்."

மறுநாள் பாலாவிக்கு பஸ் ஏறினேன். உப்பு லொறிகள் நிற்கும் தேநீர்க் கடையில் அவன் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டான். அவனோடிருந்த மூத்த சாரதி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யுனிவர்சிட்டி லொறிக்கே வந்திட்டு போல."

"சேரோட மரியாதையாக் கதைங்க நானா."

நான் நேராக விடயத்துக்கு வந்தேன். "கிளினிக்குக்குப் போகல்லியாம்."

"லோடு ஒண்டு இருந்திச்சு சேர்."

"பொய்," என்றார் சாரதி. "அண்டைக்கு முழுக்க என்னோட கெரம்போட் வெளயாடினான். அதுலயும் தோத்தான்."

அவன் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தான்.

"சேர், ஒண்டு கேக்கிறன். சுத்தி வளைக்காமச் செல்லுங்க. நான் பெத்த புள்ளயா இருந்திருந்தா அவட உடம்பு தள்ளியிருக்குமா?"

"பெத்த புள்ளயெண்டா பாதிப் பொருத்தம் கட்டாயம் இருந்திருக்கும்," என்றேன். உண்மையை முதலில் சொல்லும் பழக்கம். அவன் முகம் போன விதத்தைப் பார்த்ததும் அவசரமாகத் தொடர்ந்தேன். "ஆனா ஆம்புளைட கிட்னியில ஒரு அடையாளம் இருக்கு. பொம்புளைட உடம்புல அது இல்ல. பெத்த மகன் குடுத்தாலும் அந்த அடையாளத்தோடதான் குடுப்பான். நான் குடுத்திருந்தாலும் அப்பிடித்தான்."

"அப்ப ஆம்புள குடுத்தா எல்லாரையும் தள்ளுமா?"

"இல்ல. அநேகமானோருக்கு ஒண்டும் நடக்கிறதில்ல. ஆனா ஒரு ஆம்புளப் புள்ளய முன்னம் சுமந்த உடம்பு அந்த அடையாளத்தக் கண்டிருக்கும். கனகாலம் மறக்காமலும் இருக்கலாம்."

 நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அவனுக்கு விளங்கிய பின்புதான் எனக்கே விளங்கியது.

"உம்மா சுமந்த ஆம்புளப் புள்ள," என்றான். "மௌத்தான நானா."

சில நாட்களே இருந்த அந்தப் பிள்ளையை ஒருவர் நானா, அண்ணன், என்று அழைக்க நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் மகள்கூட அப்படி அழைத்ததில்லை. இவனைவிடச் சில நாள் மூத்தவன், நானாதான்.

"அவருக்கு வந்த பாலத்தான் நான் குடிச்சன்."

"ஓம்."

"அவர்தான் எனக்குப் பால விட்டுட்டுப் போனார். அவர்தான் என்னய உள்ளுக்கு எடுக்கவேணாம் எண்டும் செல்லி வெச்சிட்டுப் போனாரா?"

அவனுடைய தோளிலிருந்த ஒரு பாரத்தை இறக்க வந்தேன். இறக்கி, அதை ஒரு கைக்குழந்தையின் மேல் வைத்துவிட்டேன். அதுவும் என் பிள்ளை.

"அப்பிடிச் செல்ல ஏலாது," என்றேன். "எனக்குத் தெரியாது."

"நீங்க தெரியாது எண்டு செல்லி நான் கேட்டதேயில்ல சேர்."

"யுனிவர்சிட்டிக்கே தெரியாட்டி நாம தேத்தண்ணியக் குடிப்பம்," என்றார் சாரதி. அவர் எழுந்து போய்க் கடைக்காரரோடு வேறு கதை தொடங்கினார். எங்களைத் தனியே விடுவதற்காகவே அவர் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப அந்தப் பால் சும்மாவா?" என்று அவன் கேட்டான்.

"சும்மா இல்ல. பால் வழியா அவட கலங்களும் உண்ட உடம்புக்குள்ள வந்திருக்கும். உண்ட உடம்புக்கு அவவப் பழக்கியிருக்கும். ஆனா அவட உடம்புக்கு உன்னயப் பழக்காது. அது ஒருவழிப் பாதை."

"அப்ப அவட கிட்னிய எனக்கு வெச்சிருந்தா?"

"நீ கொஞ்சம் கூடுதலாப் பொறுத்திருப்பாய். சில பேர் அப்பிடி நினைக்கிறாங்க. முடிவான கதையில்ல."

 சீமெந்து லொறியொன்று எங்கள் மேல் தூசை இறைத்துவிட்டுப் போயிற்று.

"அப்ப எனக்கு அவவத் தெரியும்," என்றான்.

நான் தலையசைத்தேன். அவன் எழுந்துபோய்த் தன் லொறியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். தேவைக்கு மேல் ஊற்றிக்கொண்டே நின்றான். தண்ணீர் வழிந்து அவன் காலடியில் ஓடியது.

திரும்பி பஸ்ஸில் போக அவன் விடவில்லை. வெறும் லொறியில் என்னை ஏற்றிக்கொண்டு கற்பிட்டி வரைக்கும் வந்தான்.  வழியில், மைத்துனர் லெப்பையிடம் கேட்டு அனுப்பிய பதிலை அவனுக்குச் சொன்னேன்: பால் உறவை முறிக்கும் சொல் எதுவும் மார்க்கத்தில் இல்லை, யாராலும் அதைத் தலாக் சொல்ல முடியாது. "உடம்பாலயுமா?" என்று கேட்டான். லெப்பையிடம் அதைக் கேட்கவில்லை என்றேன்.

மையவாடி மதிலோரம் அவனாகவே லொறியை நிறுத்தினான். கபுறின் மண் நன்றாகப் படிந்திருந்தது. ஸலாம் சொல்லிவிட்டுக் கால்மாட்டில் நின்றான். முளைத்திருந்த செடிகளைப் பிடுங்கக் குனிந்து, பிடுங்காமலே நிமிர்ந்தான்.

"இனி எறங்க ஏலாது தானே சேர்."

"ஏலாது."

வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். 

எங்கள் கேற்றடியில் இறக்கிவிட்டான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான் கேற்றைத் திறக்கும்போது என்ஜினை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டினான்.

"அடுத்த கிளினிக் எப்ப எண்டு கேட்டு வைங்க. நான் போறன் எண்டு செல்லல்ல. கேட்டு வைங்க."

அவன் போன பின் என் குறிப்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விரிவுரையில் நான் அவசரமாகக் கடந்துபோகும் ஒரு பகுதி அதில் இருந்தது. ஆண்பிள்ளையைச் சுமந்த உடல் அந்த அடையாளத்தை எதிர்க்கவும் பழகலாம், பொறுத்துக்கொள்ளவும் பழகலாம். வயிற்றிலிருக்கும் பிள்ளையை அழித்துவிடாமல் காப்பதற்கென்றே சில வெண்குழியங்கள் மற்றவற்றை அடக்கிவைக்கின்றன. பிள்ளை பிறந்த பின்னும் அவற்றில் சில மிஞ்சக்கூடும். அப்படியானால் அவளுடைய உடலில் எங்கள் முதற்பிள்ளை விட்டுச்சென்றது எந்த நினைவு? சிறுநீரகத்தைக் கடைசியில் தள்ளியது அவனா? அல்லது பொருத்தம் குறைந்த அந்த உறுப்பை அத்தனை ஆண்டுகள் உள்ளே வைத்திருக்க விட்டது அவனா? இரண்டுமே அவனில்லையா? ஊசியால் எடுத்த அந்தத் துண்டு இந்தக் கேள்விக்கு விடை தராது. அவளிடமிருந்து இனி எந்தத் துண்டும் எடுக்க முடியாது.

இந்த மற்றப் பாதியை நான் பாலாவியில் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அப்போது நினைவில் வரவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

அவனுடைய அடுத்த பரிசோதனை நாளைக் கேட்டறிந்து அவனுக்குச் சொல்லுதல். கூடப் போகலாமா என்று கேட்டல்.

மற்றப் பாதியைச் சொல்லுதல். சொல்வதால் அவனுக்கு நன்மையா என்று முதலில் தீர்மானித்தல்.

முதற்பிள்ளைக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை அவனுக்குச் சொல்லுதல். அவன் கேட்கவில்லை.

பால் உறவை உடம்பால் முறிக்க முடியுமா என்ற மீதிக் கேள்வியை லெப்பையிடம் கேட்டல்.

அலுமாரியில் எஞ்சியிருக்கும் நிராகரிப்புத் தடுப்பு மாத்திரைகளை வைத்தியசாலையில் ஒப்படைத்தல். யாருக்காவது உதவும். திகதி முடியவில்லை.